ரெயின்கோட் துணியும் எலுமிச்சைத் தொட்டியும்

கிழிந்த பையைத் தைக்கக் கொடுத்த அன்றுதான் தையல்கார அக்கா எனக்கு அறிமுகம். அழாத குறையாக இருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஒப்படைத்துப்போன எலுமிச்சைச் செடி, கடை வாசலில் தொட்டியில் இலையெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தது. இரண்டு வாரத்தில் மகள் வருகிறாள்.

"உரம் போட்டாச்சு, மருந்தடிச்சாச்சு, இனி கும்பிடறதுதான் பாக்கி" என்றார் அக்காவின் கணவர்.

பொறுக்காமல் அக்கா தொட்டியைக் கவிழ்த்தார். அடியில் ஒரே சேறு. மண் ஒழுகக்கூடாதென்று ஓட்டைமேல் அவரே விரித்த ரெயின்கோட் துணி, ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே விடவில்லை.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "துணி நல்ல துணிதான்டி!"

"சிரிச்சது போதும், வேரைப் பாருங்க."

அழுகியிருந்தது நுனி மட்டுந்தான். மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நுனியை நறுக்கி, துணியை எடுத்துவிட்டுப் புது மண்ணில் நட்டார்.

புதுத் துளிரை முதலில் பார்த்தது, ஊரிலிருந்து வந்த மகள்தான். அக்கா இப்போதும் அதே கடையில் தைக்கிறார். எலுமிச்சை அவர் வீட்டு மாடியில் இருக்கிறது.