திரும்பி வரும் வழி

இன்று செஞ்சியில் எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கதை சொல்வது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவார்கள்.

மேல்சித்தாமூரிலிருந்து பத்மா வந்திருந்தாள். போன மாதம் அவள் தம்பி வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது, திண்டிவனம் ரோட்டில் யாருமில்லாத இடத்தில் விழுந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு இன்றுதான் ஆட வந்தாள்.

குகைச் சண்டை முடிந்தது. பத்மா ஆடும் வீராங்கனையோடு போன, கதையில் வரும் வழிகாட்டிக்குப் பலத்த காயம்.

நான் வழக்கம்போல, "எல்லாரும் ஊருக்குத் திரும்பிட்டீங்க," என்றேன். பயணத்தை எப்போதும் ஒரே வரியில் முடித்துவிடுவேன்.

"இன்னாத்துக்கு அவசரம்? வர்ற வழியையும் ஆடலாம்," என்றாள் பத்மா.

வழிகாட்டியை அவளுடைய வீராங்கனை சுமந்து வந்தாள். ஆற்றங்கரையில், அவன் பிழைப்பானா என்று பகடை உருட்டினேன். மோசமான எண். மறுபடி உருட்டலாம் என்று சட்டென்று கையில் எடுத்தேன்.

"மாத்தாத. விழுந்தது அப்டியே இருக்கட்டும்," என்றாள் பத்மா.

பிறகு தன் வீராங்கனை செய்வதைச் சொன்னாள். "அவன் தலைய மடியில வச்சிக்கிறேன். உயிரு போற வரைக்கும் பேசிக்கினே இருக்கேன்."

நான் பகடையைக் கீழே வைத்தேன்.

"இவன்கூடயாவது இருந்தேன்," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

வீடு சேர்ந்துவிட்டதாக இப்போதுதான் அவளிடமிருந்து மெசேஜ் வந்தது.

ஆட்டத்தில் வரும் பூதங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக விதி வைத்திருக்கிறேன். வீடு திரும்புவதற்கு ஒன்றுகூட இல்லை. உங்கள் ஆட்டங்களில் எப்படி?