மலாவி பஸ்ஸில் கற்பிட்டிக் கருவாடு

மூன்று விமானங்கள் மாறி, இரண்டாவது பஸ்ஸிலும் ஏறியாகிவிட்டது. நான் தொண்டராகக் கணிதம் கற்பிக்க வேண்டிய மலாவிக் கிராமம் இன்னும் வரவில்லை.

இலங்கையிலிருந்து புறப்படும்போது மனைவி, "அங்க போய் வெறுஞ் சோத்தையா திம்பீங்க?" என்று பெட்டிக்குள் கற்பிட்டிக் கருவாட்டைத் திணித்திருந்தார்.

இன்று மதிய வெயிலில் பஸ் முழுவதும் அந்த மணம். கொண்டக்டர் பஸ்ஸை நிறுத்தி, "கருவாடு கொண்டுவந்தவர் இறங்குங்கள்!" என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

நடுக்காட்டில் விட்டுவிடுவாரோ என்ற நடுக்கத்துடன் எழும்பினேன்.

என்னோடு பாதி பஸ்ஸும் எழும்பியது. எல்லோரும் மலாவி ஏரிக்கரை மீனவர்கள். கொண்டக்டர் சாரதியிடம் பஸ்ஸை எடுக்கச் சொன்னார்.

பக்கத்து இருக்கை அம்மா என் கருவாட்டை முகர்ந்து பார்த்து, "உப்புப் போதாது, ஐயா" என்றார்.

உப்பு விளையும் புத்தளத்தில் பிறந்தவனிடம்!

மனைவியிடம் பேஸ்புக் இல்லை. நண்பர்களே, தயவுசெய்து யாரும் வீட்டுப் பக்கம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.