உப்பு சேர்த்த நாள்

1966 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. முதல் ஷிப்ட். வழக்கம்போல் சைக்கிளைப் பழுப்பு நிலக்கரிச் சுரங்க வாசலில் பூட்டிவிட்டு, டோக்கன் போட்டு இறங்கினேன். காலையில் நீர்மட்டம் பார்த்தோம். ஒரு பம்பில் வாஷர் மாற்றினோம். சாப்பாட்டு வேளையில் பம்ப் ஆபரேட்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டு அடுக்கைத் திறந்தார். முதல் கவளத்தை வாயில் வைத்தவர் மெல்லாமல் அப்படியே இருந்தார்.

அவர் ராமநாதபுரம் கடற்கரைக்காரர். குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர்வீடு. 1964 டிசம்பர்ப் புயலின்போது அவர் மனைவி நான்கு வயது மகனோடு தாய்வீட்டில் இருந்தார். கடல் ஊருக்குள் புகுந்த இரவில், பிள்ளையை இடுப்போடு சேலையால் கட்டிக்கொண்டு ஒரு பனையைப் பற்றியிருந்தார். விடிந்தபோது சேலை மட்டும் இருந்தது. உடல் கிடைக்கவில்லை. கிடைக்காத பிள்ளை எங்கோ கரையேறியிருப்பான் என்று நம்பினார் அந்த அம்மாள். அவன் வரும்வரை சமையலில் உப்பு சேர்ப்பதில்லை என்று வேண்டிக்கொண்டார். ஆபரேட்டரும் அதையே சாப்பிட்டார். நம்பினாரா என்று நான் கேட்டதில்லை. ஊறுகாயை நீட்டினால் கையால் தட்டை மறைத்துக்கொள்வார்.

விஷயம் தெரியாத கம்மாபுரத்துக் கிரீஸ்காரர் அன்றும் கேலியைத் தொடங்கினார்: "என்னாங்க, உப்பு போட்டுத் தின்னா ரோஷம் வந்துடும்னு வூட்ல பயப்படறாங்களா?"

ஆபரேட்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம், "அண்ணே, உப்பு போட்டிருக்கா" என்றார்.

கிரீஸ்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தார். "சாப்புடுங்க. ஆறிக்கினே இருக்குது" என்றார் மெதுவாக.

ஆபரேட்டர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். மீதம் கொண்டுபோனால் அவள் பார்ப்பாள் என்றார்.

மாலையில் என் மனைவி சொன்னார்: "காலையில அந்தம்மா வந்து உப்பு கேட்டாங்க. கையில குடுக்கக் கூடாதுன்னு கிண்ணத்துல போட்டு வாசப்படியில வச்சேன். எடுக்காம ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாங்க. எனக்கு அப்பப் புரியலீங்க."

விளக்கு வைத்த பிறகு ஆபரேட்டர் வந்தார். மறுநாள் கடலூருக்குப் போய்க் கடலில் பிள்ளைக்குக் காரியமாகப் பால் விட்டு வருவதாகவும், ஷிப்டில் சொல்லிவிடும்படியும் கேட்டார். ஊருக்கே போகலாமே என்றேன்.

"அந்தக் கரையில அவளால நிக்க முடியாதுண்ணே. எங்க விட்டா என்ன, எல்லாம் ஒரே தண்ணிதான்."

எட்டாம் தேதி காலை, பால்காரர் ஊற்றிய பாலை என் மனைவி காய்ச்சவில்லை. முதல் வேலையாக, எதிர்வீட்டம்மாள் நீட்டிய செம்பில் அதை முழுவதும் ஊற்றினார்.