ஒரே காலையில் இரண்டு கையெழுத்து

ரோஹயாத்தியும் நானும் பதினோரு வருடமாகச் சிங்கப்பூரில் ஒரே பணிமனையில் பேருந்து ஓட்டுகிறோம். சாலையில் அவர் எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அவரைக் கலங்கடித்தது அவருடைய வீடுதான்.

பழைய கட்டடம் அது. மின்தூக்கி மூன்றாம் மாடியிலும் ஆறாம் மாடியிலும் மட்டுமே நிற்கும். அவர்கள் வீடு நான்காம் மாடி. 'பாங்' என்று அவர் மலாயில் அழைக்கும் கணவர் ஜுஃப்ரிக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டதும் அந்த ஒரு மாடிப் படியே மலையாகிவிட்டது. மருத்துவமனைக்குப் போகும் நாளில் அண்டை வீட்டார் இருவர் நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். மற்றபடி நான்கு மாதமாக அவர் கீழே வரவே இல்லை.

அடுத்த தெருவில், வாசலுக்கு எதிரிலேயே மின்தூக்கி நிற்கும் வீடொன்று விலைக்கு வந்தது. தியோ என்ற முதியவருடையது. ரோஹயாத்தி முன்பணம் கொடுத்துவிட்டார். பழைய வீட்டின் மேல் ஒன்பது வருடக் கடன் பாக்கியிருந்தது. அதை விற்று, கடனை அடைத்து, மிச்சத்தைப் புது வீட்டுக்குப் போடுவது திட்டம். ஆனால் பழைய வீட்டை வாங்குவதாகச் சொன்ன தம்பதிக்கு வங்கிக் கடன் இன்னும் கிடைத்தபாடில்லை. தியோ வீட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டிய கடைசி நாளோ நெருங்கியது. தவறினால் முன்பணமும் போகும், வீடும் போகும்.

இடைக்காலக் கடன் கேட்டு அவர் வங்கிக்குப் போனபோது நானும் துணைக்குப் போனேன்.

"உங்க வீடு வித்தது உறுதின்னு ஒரு காகிதம் கொண்டாங்க, உடனே குடுக்குறேன்," என்றார் அதிகாரி.

"அந்தக் காகிதத்துக்குத்தான் நானும் தவம் கிடக்கேன்," என்றார் ரோஹயாத்தி.

வெளியே வந்ததும், "தியோகிட்டயே கொஞ்சம் தவணை கேளுங்களேன் கக்," என்றேன். மலாயில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள்.

"கையில காசு இல்லன்னு தெரிஞ்சா வேற ஆளுக்குக் குடுத்திருவாரு. நீ சும்மா வா."

இரண்டு நாள் கழித்து, ரோஹயாத்தி யோசனையிலேயே ஒரு நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டார். பயணிகள் கத்திய பிறகுதான் வண்டியை நிறுத்தினாராம். வேலை முடிந்ததும், சீருடையைக்கூட மாற்றாமல் நேரே தியோ வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த தியோவின் முகம் வெளிறியது. "அதுக்குள்ள சாவி கேக்க வந்துட்டியாம்மா?"

"சாவியா? நான் தவணை கேக்க வந்தேன் அங்கிள். என் வீட்டை வாங்குறவங்களுக்கு இன்னும் கடன் வரல. கொஞ்ச நாள் பொறுப்பீங்களா?"

தியோ உள்ளே திரும்பி மனைவியைக் கத்திக் கூப்பிட்டார். "ஏய், இங்க வா! இந்தம்மா சொல்றதைக் கேளு!"

மகள் வாங்கிய புது வீட்டுக்குத் தியோவும் மனைவியும் குடிபோக வேண்டியது. அந்தக் கட்டடம் முடிய இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரை எங்கே தங்குவதென்று புரியாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள்.

"போய்க் கேளுங்கன்னு ஒரு வாரமா தலைபாடா அடிச்சுக்கிட்டேன். இவருக்கு வெக்கமாம்!" என்றார் தியோவின் மனைவி.

"முன்பணத்தை வாங்கிட்டு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது?"

ரோஹயாத்தி செருப்பு அலமாரி மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாராம்.

கையெழுத்து நாளை இரண்டு மாதம் தள்ளிவைத்துப் புது ஒப்பந்தம் எழுதினார்கள். மூன்றாம் வாரமே பழைய வீட்டை வாங்கும் தம்பதிக்குக் கடன் கிடைத்தது. இரண்டு மாத முடிவில் விற்பதும் வாங்குவதும் ஒரே காலையில் முடிந்தன; பழைய வீட்டை விற்ற பணத்தில் கடன் போக மிச்சம் அப்படியே தியோ கைக்குப் போனது. வங்கி அதிகாரி தொலைபேசியில் விசாரித்தபோது, "காகிதம் வந்துருச்சு சார், உங்க கடன்தான் இப்ப வேணாம்," என்றார் ரோஹயாத்தி. அன்று பணிமனையில் எல்லோருக்கும் அவர் செலவில் வாழைக்காய்ப் பஜ்ஜி.

குடிபோன மூன்றாம் நாள், கடைசி நிறுத்தத்தில் நாங்கள் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது ஜுஃப்ரி அழைத்தார்.

"நான் எங்க இருக்கேன், சொல்லு பாப்போம்?"

"கட்டில்ல."

"கீழ காப்பிக் கடையில. யாரும் தூக்கல. நானே வந்தேன்."

 ரோஹயாத்தி கேட்டார்: "பாங், காசு எடுத்துட்டுப் போனீங்களா?"

"அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வரும்போது நீ கடையில குடுத்துரு. ரெண்டு காப்பி ஆயிருச்சு."