மூன்று மீட்டர் இருபது

குழாயின் ஒரு முனையை மவுஸால் பிடித்து அரை மீட்டர் இழுக்கிறாள். பக்கத்தில் இருக்கும் நீள எண் மாறுகிறதா என்று பார்க்கிறாள். மாறினால், குழாயைப் பழைய இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறாள். ஒரு வரைபடத்தில் நூற்றுப்பத்துக் குழாய்கள் இருந்தால் நூற்றுப்பத்தையும் இப்படித்தான். யாராவது கேட்டால், "எண்ணு உசிரோட இருக்கான்னு பாக்கறேன்" என்பாள். "அக்கா நாடி பிடிக்க ஆரம்பிச்சாச்சு, இனிமே சாயங்காலம்தான் படம் கைக்கு வரும்" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை.

அலுவலகத்தில் அவளுக்குக் கோடு அக்கா என்று பெயர். ஐம்பத்திரண்டு வயது. அதில் பாதியைக் கழிவுநீர்க் குழாய்களுக்குப் படம் வரைந்தே கழித்தவள். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவாள், யாரோ எழுந்திரு என்று சொல்லப்போவதைப் போல. பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் வீட்டுக்குப் போன் செய்வாள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவரிடம் ஒரே கேள்வி: "திரும்பிப் படுத்தீங்களா?" பதிலுக்கு ஒரு முனகல் வந்ததும் வைத்துவிடுவாள். அவருடைய மருத்துவச் செலவு அலுவலகக் காப்பீட்டில்தான் ஓடுகிறது.

இந்த நாடி பிடிக்கும் பழக்கம் இரண்டு வருடத்துக்கு உட்பட்டது.

அவளுடைய தம்பி அதே நிறுவனத்தில் மேஸ்திரியாக இருந்தான். அவள் சொல்லித்தான் சேர்த்துக்கொண்டார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு காலையில் அவன் போன் செய்தான்.

"அக்கா, படத்துல முப்பத்தெட்டு நாப்பதுன்னு போட்டிருக்கு. அந்தக் கணக்குக்குத்தான் குழாய் இறக்கினோம். அடுத்த மேன்ஹோலுக்கு எட்டவே இல்ல. மூணு மீட்டர் இருபது உதைக்குது."

"டேப்பைச் சரியாப் பிடிச்சியாடா?"

"நாலு தடவ பிடிச்சிட்டேன்க்கா."

அந்தப் பருமனுள்ள குழாய் புதிதாக வர மூன்று நாள் ஆகும். அதுவரை தெருவில் ஆளுயரத்துக்கு மேல் பள்ளம் திறந்தே கிடக்க வேண்டும்.

அவள் படத்தைத் திறந்து உட்கார்ந்தாள். மேன்ஹோலின் நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பதற்குப் பதில் சுவரிலிருந்து சுவருக்கு அளந்திருக்குமோ? அப்படியென்றாலும் ஒரு மீட்டர்தான் குறையும். சரிவை விட்டுவிட்டுத் தரைமட்டத்தில் அளந்திருக்குமோ? அதில் விரல்கடை அளவு வந்தால் அதிகம். கடைசியில் குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பக்கத்துக் குழாயை இழுத்தால் அதன் எண் மாறியது. இதனுடைய எண் மட்டும் அசையவில்லை. மென்பொருள் அளந்து போட்ட எண் அல்ல அது. யாரோ அதன்மேல் கையால் தட்டச்சு செய்திருந்தார்கள்.

யாரென்று தேட வேண்டியிருக்கவில்லை. மின்கம்பிப் பெட்டி ஒன்று குறுக்கிட்டதால் அந்த மேன்ஹோலைத் தள்ளி வைக்கச் சொன்னவர் மேலாளர். நீளம் மாறினால் மறுபடி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று அலுத்துக்கொண்டவரும் அவரேதான். அவள் அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனாள்.

"நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க இதைப் பெருசு பண்ணாதீங்க" என்றார் அவர். அவளைவிடப் பத்து வயது இளையவர்.

மூன்றாம் நாள் மழையில் பள்ளத்தின் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே நின்ற கூலியாள் ஒருவனின் இடது காலை ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விசாரணை முதலாளியின் அறையில் நடந்தது. கதவுக்குப் பக்கத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். சட்டையில் சேறு காய்ந்திருந்தது. உள்ளே போகும்முன் மேலாளர் அவளிடம், "மாமாவுக்கு இப்ப எப்படி இருக்கு? காப்பீடெல்லாம் ஒழுங்கா வருதில்ல?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

முதலாளி படத்தைத் திரையில் போட்டார். எண் திருத்தப்பட்டிருந்தது. நாற்பத்தொன்று அறுபது.

"அளவுல தப்பு ஏதாவது இருக்காம்மா?"

தம்பி அவளையே பார்த்தான். பையின் வாரை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சரியாத்தான் இருக்கு சார்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. இரவெல்லாம் யோசித்து, பொய் இல்லாத ஒரு வாக்கியத்தைத் தேடிப் பிடித்திருந்தாள். அளவைத் தவறாகப் படித்ததற்கும் பள்ளத்துக்கு முட்டுக் கொடுக்காததற்கும் தம்பியை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். வாசலில் அவள் கூப்பிட்டபோது, "வேலை வாங்கிக் கொடுத்தது நீதானே, விடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

இப்போது அவன் வீடுகளுக்குக் குழாய் வேலை செய்கிறான். ஒன்றரை வருடம் அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன மாதம் குளியலறைக் குழாய் வெடித்தபோது, கணவர்தான் குழறிக் குழறிப் போனில் அவனை வரவழைத்தார். வந்தவன், "என்ன மாமா, கை கொஞ்சம் மடங்குதா?" என்று கட்டிலருகே ஐந்து நிமிடம் நின்றான். பிறகு அவளைத் தாண்டிக் குளியலறைக்குள் போனான்.

"ஒரு மீட்டர் பதினாறு வரும்டா. காலையிலயே அளந்து வச்சிட்டேன்" என்றாள் வாசற்படியில் நின்றபடி.

அவன் பையிலிருந்து டேப்பை எடுத்து இழுத்தான். ஈரச் சுவரில் அதன் முனை நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது. அவள் உள்ளே போய்த் தண்ணீரில் முட்டி போட்டு, அந்த முனையைச் சுவரோடு சேர்த்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். அவன் நிமிரவில்லை. எண்ணைப் படித்து, புதுக்குழாயில் பென்சிலால் கோடு கிழித்து, டேப்பை விட்டான். அது சரசரவென்று சுருண்டு அவன் கைக்குள் போன பிறகும் அவள் கட்டைவிரல் சுவரிலேயே இருந்தது.