மூக்கு போன சமையல்காரியும் வாட்டர்கிரெஸ் கீரையும்

இங்கிலாந்தில் எங்கள் ஊர் பப்பில் இருபத்திரண்டு வருடமாகச் சமைத்தவள் தெல்மா வைட்டியர். அங்கே பாத்திரம் கழுவி, மேசைக்குத் தட்டு கொண்டுபோகிறவள் நான். வீடும் அவளுக்கு அடுத்த வீடுதான்.

அவளுக்கு அறுபது வயதானபோது ஒரு பிப்ரவரிக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போனது, கூடவே மோப்பமும் ருசியும் போயின. காப்பி, வெந்நீர், பன்றி வறுவல், காகித அட்டை எல்லாம் வாய்க்கு ஒன்றுதான். “வந்தாலும் வரும், வராமலும் போகும்” என்றார் டாக்டர். அவள் யாரிடமும் சொல்லாமல் கைப்பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் நீட்டிய மீன் தட்டை வாங்கியதும் எனக்குக் குமட்டியது.

“தெல்மா, இது கெட்டுப்போச்சுடி!”

அவள் குனிந்து முகர்ந்தாள். இன்னொருமுறை முகர்ந்தாள். பிறகு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். முதலாளி ராட்னி இரண்டுமுறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

அதன்பிறகு அவள் சரியாகச் சாப்பிடவே இல்லை. ஏப்ரலில் ஒருநாள் முட்டை சாண்ட்விச் செய்து எடுத்துப் போனேன். உள்ளே, ஓடைத் தண்ணீரில் வளரும் வாட்டர்கிரெஸ் கீரை வைத்திருந்தேன். ஓடைகள் நிறைந்த எங்கள் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் அந்தக் கீரை இல்லாத வீடு எது? வேண்டாவெறுப்பாக ஒரு வாய் கடித்தவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

“இதுல என்ன போட்ட?”

“முட்டை, கீரை. வேறென்ன?”

“சுள்ளுங்குதுடி! நாக்குல சுள்ளுங்குது, மூக்குல ஏறுது!”

ருசி தெரியவில்லை, காரம் மட்டும் உறைத்தது. அது அவளுக்குப் போதுமாக இருந்தது. ரொட்டியைப் பிரித்துக் கீரையை மட்டும் பொறுக்கித் தின்றாள்.

மறுநாளே கடையில் ஒரு கட்டு வாங்கிவந்து தண்டுகளைக் கண்ணாடி டம்ளரில் நிறுத்தினாள். ஐந்தே நாளில் கணுவெல்லாம் வெள்ளை வேர்.

“ஆத்துல கொட்டிக் கெடக்கு, பறிச்சுக்க வேண்டியதுதானே?” என்றேன்.

“மேட்டுல ஆடு மேயுது, அதோட புழுக்கையெல்லாம் ஆத்துக்குத்தான் வருது. அதுல இருந்து ஈரல் புழு கீரையில ஒட்டி வந்துச்சுன்னா மூக்கோட ஈரலும் போயிரும், பரவாயில்லையா?”

பழைய பாத்திரத் தொட்டி ஒன்றில் தண்ணீர் விட்டு, மண்சட்டிகளில் தண்டுகளை ஊன்றி, கொல்லையில் நிழல் பார்த்து வைத்தாள். கீரை கிடுகிடுவென்று வளர்ந்தது. ஜூனில் எங்கள் வீட்டுச் சன்னலைத் திறக்க முடியாதபடி ஒரு நாற்றம். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சாக்கடை ஆளை வரவழைத்தேன். அவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “உங்க சாக்கடை சுத்தமா இருக்கும்மா. நாத்தம் வேலிக்கு அந்தப் பக்கம்” என்றார்.

தேங்கிய தண்ணீர் அழுகிப் போயிருந்தது. அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள் தெல்மா. எப்படிச் சொல்வது என்று தவித்தேன். சொன்னதும் அவள் முகம் சுருங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“மூணு வாரமா பொறுத்துக்கிட்டா இருந்த? முன்னாடியே சொல்றதுக்கென்ன, லூசு!” என்று திட்டினாள்.

அன்று எல்லாவற்றையும் பிடுங்கிக் கொட்டிவிட்டு மறுபடி ஊன்றினாள். மூக்கை நம்ப முடியாதவள் கடிகாரத்தை நம்பினாள். தினமும் காலை ஏழு மணிக்குப் பழைய தண்ணீர் ரோஜாச் செடிக்கு, புதுத் தண்ணீர் கீரைக்கு. பூ எட்டிப் பார்த்தால் கிள்ளிவிடுவாள். மழை, பனி எதற்கும் அந்த ஏழு மணி தவறியதில்லை.

செப்டம்பரில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் வேகவைத்துக் கீரை சூப் செய்தாள். கீரை கொதித்ததும் காரம் செத்துவிட்டது. அவளுக்கு அது வெந்நீர்தான். மறுநாள் கடைசி நிமிடத்தில் போட்டாள், போதவில்லை. அதற்கு அடுத்த நாள் அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்தபின் பச்சையாகவே போட்டு அரைத்தாள். நாக்கு சுள்ளென்றதும், “உப்பு மட்டும் நீ பாரு” என்று கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

இருபத்திரண்டு வருடம் அவள் சூப்பைக் குடித்திருக்கிறேன். இது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. நிறம் புல்லைப் போலப் பச்சை, தொண்டையில் இறங்கும்போது இதமான உறைப்பு. மணம் தெரிந்த காலத்தில் அவள் கவனிக்காத ஒன்றை, மணம் போனபின் பிடித்துவிட்டாள்.

ஒரு பாத்திரத்தில் ராட்னிக்குக் கொண்டுபோனேன். நின்றபடியே குடித்து முடித்தவர் நேரே அவள் வீட்டுக்கு நடந்தார், நானும் பின்னாலேயே போனேன்.

“திங்கக்கிழமை வந்துருங்க தாயே.”

“மீன் கெட்டுருந்தா எனக்குத் தெரியாதே, ராட்னி.”

“அதுக்குத்தான் இவ இருக்காளே. மோந்து பாக்கறது இவ வேலை, சமைக்கறது உங்க வேலை.”

அவள் யோசிக்க ஒருநாள் கேட்டாள். திங்கட்கிழமை எனக்கு முன்பே வந்து அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.

ஒன்பது வருடமாகிறது. மோப்பம் திரும்பவே இல்லை. ஆரம்பத்தில் தினமும் காலையில் காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பாள். எப்போது அதை நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. கொல்லையில் இப்போது ஆறு தொட்டிகள் இருக்கின்றன. ஞாயிறு மதியம் சூப் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் ராட்னியோடு சண்டைக்கே போய்விடுகிறார்கள்.