மண்ணில் ஊற்றிய சீம்பால்

சென்ற வாரம் வத்திராயிருப்பிலிருந்து தொலைபேசியில் அழைத்த கமலவேணியின் தம்பி, "அக்கா போயிட்டாக சார்" என்றார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. சரியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

எண்பதுகளின் பிற்பகுதியில் கமலவேணி ஸ்ரீவில்லிபுத்தூரில் கால்நடை மருத்துவர், நான் ராஜபாளையத்தில். அவருடன் வேலை பார்த்து, இன்று அவர் நினைவாகக் கூடியிருக்கும் உங்களுக்கு அந்த அதட்டல் குரல் தெரியும். எனக்கோ ஊசி போட்ட பிறகும் மருந்து சரிதானா என்று சந்தேகம் வரும். ஆனாலும் சிக்கலான நோய் என்றால் எனக்குத்தான் சொல்லி அனுப்புவார்.

அப்படி ஒரு நாள் போனபோது, குதிரைவண்டி ஓட்டும் மாடசாமியின் கொட்டகையில், பிறந்து சில நாளே ஆன குதிரைக்குட்டி கிடந்தது. கழுத்து விறைத்து, கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன. தொப்புள் வீங்கியிருந்தது. தாய்க்கு வயதாகிவிட்டது, அதற்குப் பின் வண்டியை இழுக்க இந்தக் குட்டியைத்தான் மாடசாமி நம்பியிருந்தார். டெட்டனஸ் எனும் ரணஜன்னியாக இருக்குமோ, வேறு ஏதாவதோ என்று நான் மென்று விழுங்கினேன்.

"சந்தேகம்னா சந்தேகத்தோடயே சொல்லுங்க சார், முழுங்காதீக" என்றார் கமலவேணி.

பிடரியில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துப் பார்க்கலாம் என்றேன். தெளிவாக வரவேண்டியது கஞ்சித் தண்ணீர் போல வந்தது. தொப்புள் வழியே புகுந்த கிருமி இரத்தத்தில் பரவி மூளையுறையைப் பற்றியிருந்தது.

"மொதப் பாலு குடிச்சுதா அண்ணாச்சி?" என்று மாடசாமியைக் கேட்டார் கமலவேணி.

"அது ஆகாதுல்லம்மா. பீச்சி மண்ணுல ஊத்திட்டோம். எங்க அய்யா காலத்துலருந்து அப்பிடித்தான்."

"மாட்டுச் சீம்பாலுன்னா சீனி போட்டுக் கிண்டித் திங்கீக. குதிரைக்குட்டி குடிச்சா மட்டும் ஆகாதாக்கும்?"

நோயை எதிர்க்கும் சக்தி குட்டிக்கு அந்தப் பாலிலிருந்துதான் வரவேண்டும். மருந்து ஏற்றினோம். இழுப்பு அடங்கியது, குட்டி எழவில்லை. மறுநாள் இறந்துவிட்டது.

"நானே கொன்னுட்டேனே!" என்று மாடசாமி தலையில் அடித்துக்கொண்டார். கேலி பேசிய கமலவேணியே அவர் கையைப் பிடித்தார். "தெரிஞ்சா செஞ்சீக? தாயி இன்னும் ஒரு ஈத்து தாங்கும். அப்ப ஆளனுப்புங்க, நான் வாரேன்."

அடுத்த ஆண்டு ஆள் வந்தது. கமலவேணி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஈரம் காயாத புதுக்குட்டி தள்ளாடி எழுந்து, தாயின் முன்னங்கால்களுக்கிடையே மடியைத் தேடியது.

"ஏலே, அங்க என்ன இருக்கு? பொறத்தால போலே!" என்று மாடசாமி கெஞ்சினார்.

கடைசியில் காம்பைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. மாடசாமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"இன்னைக்கு நமக்கு ஜோலி இல்ல சார்" என்று சுவரில் சாய்ந்து சிரித்தார் கமலவேணி. மருந்துப் பையைத் திறக்காமலே திரும்பினோம். எத்தனையோ நோய்களை அவருடன் சேர்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, செய்ய ஒன்றுமில்லாமல் இருவரும் நின்ற அந்தக் காலையைத்தான்.